தம்பியின் பாதங்களும் என் ஸ்டாப் வாட்சும்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காக வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன் யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பாதங்களைத் துடைத்தார்கள்.

என் தம்பி குணசேகரனின் பாதங்களை அத்தனை அருகில் நான் பார்த்தது அது இரண்டாவது முறை. குதிகால்கள் மஞ்சளாகத் தடித்திருந்தன. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு நீர்க்கொப்புளம். மாரடைப்பு வந்ததற்கு முந்தின நாள் ஆட்டோ கிடைக்காமல் ஜங்ஷனிலிருந்து வீடு வரை நடந்து வந்திருக்கிறான். ஆள் போன பிறகும் அந்தக் கொப்புளம் உடையாமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

பங்காளி சிங்காரம் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். எங்கள் பகுதி அம்மன் கோயிலின் விழாக் குழுவில் நெடுங்காலமாக இருப்பவன். இழவு வீட்டிலும் விழாக் குழுவாகவே நிற்கத் தெரிந்தவன்.

"இன்னமும் பாருங்கண்ணே," என்றான், மெதுவாக, ஆனால் நான்கு பேருக்குக் கேட்கும்படி. "நாப்பது வருசம் ஆச்சு. ஆத்தா இன்னும் மனசு எறங்கல."

துணியைச் சுற்றினேன். தம்பி மகள் மலர்விழி என் பக்கத்தில் குனிந்தாள்.

"லேசா கட்டுங்க பெரியப்பா. இறுக்கினா தோலு உரிஞ்சிடும்."

அன்று அந்த வீட்டில் பேசப்பட்டவற்றில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

இந்தத் தொடரில் இதுவரை கல்லூரியைப் பற்றியும், சூளைகளைப் பற்றியும், என்னிடம் படித்துப் பெரிய ஆளானவர்களைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறேன். தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். இடம் போதவில்லை என்று சொன்னேன். அது பொய்.

சூட்டு உடம்பு

எங்கள் ஊரில் பாதத்தில் கொப்புளம் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான்: சூடு. தலைவலிக்கும் அதே காரணம், கண் எரிச்சலுக்கும் அதே காரணம், பரீட்சையில் தோற்றதற்கும் ஏறக்குறைய அதுவே. வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கு, எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி. எதையும் விளக்காத ஒரு சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிடும் இந்தத் திறமையைப் பார்க்கும்போது, அறிவியல் கற்பித்துக் கழித்த வருடங்களை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அப்பாவும் சூட்டு உடம்புக்காரர். ரயில்வேயில் எழுத்தராக இருந்தார். வீட்டுக்குள்ளும் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். சாமி அறை வாசலில் மட்டும் கழற்றுவார். மற்றபடி யார் சொன்னாலும் கழற்றமாட்டார். தெருவில் அவருக்குப் பெயர் 'தொரை'. "தொரை கக்கூஸுக்குக்கூட பூட்ஸுதான்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்.

கோடையில் வேலை முடிந்து வந்ததும் ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கி முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். ஊசியை விளக்குச் சுடரில் காட்டுவார். கொப்புளத்தின் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுப்பார். மேல்தோலை உரிக்காமல் அப்படியே படியவைப்பார். பிறகு குணாவைக் கூப்பிட்டு அவன் காலிலும் அதையே செய்வார்.

எனக்குக் கொப்புளம் வந்ததே இல்லை. பெரியவன் வெந்தயத்தை ஒழுங்காக விழுங்குகிறான் என்று அம்மா காரணம் சொன்னாள். நான் அதை நெடுநாள் நம்பினேன். என் பாதம் நான் ஈட்டிய நற்சான்றிதழ் என்றே நினைத்திருந்தேன்.

தீமிதி வந்தால் அப்பா குண்டத்துக்கு விறகு வாங்கிக் கொடுப்பார். இறங்கமாட்டார். அவருக்குத் தன் பாதம் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஒரு சொல்தான் இல்லாமல் போயிற்று.

நோட்டில் எழுதிய சொல்

அப்பா காலமான பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். அவள் எழுந்து நடந்தால் தீ மிதிப்பதாகக் குணா வேண்டிக்கொண்டான். அம்மா எழுந்து நடந்தாள். மருந்து கொடுத்த டாக்டரை யாரும் நினைக்கவில்லை.

அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். நான் முதுகலை முடித்துப் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் விரிவுரையாளனாகச் சேர்ந்த புதிது. பட்டம் புதியதாக இருக்கும்போது ஒருவனுக்கு எதையும் விளக்காமல் விட மனம் வராது.

காப்புக் கட்டிய நாளிலிருந்து குணா செருப்பைத் தொடவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, வெறுங்கால்; விரதம் என்றால் அப்படித்தான். பத்து நாளும் கோடை வெயிலில் வெறுங்காலோடு வேலைக்குப் போனான், கோயிலுக்குப் போனான், வந்தான். கடைசி நாள் மணிமுத்தாற்றில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, கையில் பிரம்பைப் பிடித்துக்கொண்டு, கரகத்துக்குப் பின்னால் தெருத் தெருவாக நடந்தான். தார்ச் சாலை. மதியம் புறப்பட்ட ஊர்வலம் கோயிலை அடையச் சாயங்காலமாகிவிட்டது.

நான் குண்டத்தின் ஓரத்தில் நோட்டும் ஸ்டாப் வாட்சுமாக நின்றிருந்தேன். தணலின்மேல் படியும் சாம்பல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதில் படும் நேரமும் மிகக் குறைவு. ஆகவே விரைந்து கடப்பவனுக்குச் சுடாது. இதில் அம்மனின் அருளுக்கு வேலை இல்லை. கல்லூரி ஆண்டு மலரில் நான் எழுதவிருந்த கட்டுரையின் சாரம் இதுதான். இறங்கிய ஒவ்வொருவரின் நேரத்தையும் குறித்தேன். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். குணா மட்டும் நடந்தான். அவன் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு சொல்லையும் எழுதினேன்: 'தயக்கம்'.

அவன் இறங்குவதற்கு முன் கல்தளத்தில் நின்ற இடம் ஈரமாக இருந்தது. ஆற்றில் குளித்து வந்த ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வேட்டி காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பாதங்கள் முழுக்கக் கொப்புளம். உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தான். ஊர் வரிசையாக வந்து பார்த்தது. இளவட்டமாக இருந்த சிங்காரம் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"வெரதத்துல எங்கியோ பெசகியிருக்கான்டா. நெருப்பு பொய் சொல்லாது."

"இன்னா, பொம்பள சமாச்சாரமா?" என்று ஒருவன் கேட்டான்.

"அத அவன்கிட்டதான் கேக்கணும்."

நெருப்பில் இறங்கியவன் காலில் கொப்புளம் இருந்தால், நெருப்பைத் தவிர வேறு காரணம் உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. சிறு வயதிலிருந்து கோடைதோறும் அவன் காலில் கொப்புளம் பார்த்த அம்மாவும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வேப்பூர்க்காரர்

குணாவுக்கு வேப்பூரில் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. பெண்ணின் தகப்பனார் ஹைவே ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கதை அவர் காதுக்குப் போயிற்று. மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, ஒளிவு மறைவு வேணாங்க. வெரதத்துல புள்ள எதாச்சும் தப்பு தண்டா பண்ணிட்டாருங்களா?"

குணா உள்ளறைக் கட்டிலில் இருந்தான். கதவு திறந்திருந்தது. அவனுடைய கல்யாணம் என் வாயில் இருந்தது. அதை நான் நன்றாகவே உணர்ந்திருந்தேன். அதனால்தான் சிறப்பாகப் பேசினேன். சாம்பல், தணல், வெப்பம் கடத்தும் விதம் எல்லாவற்றையும் விளக்கினேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.

"சாமி குத்தமும் இல்ல, ஒழுக்கக் கேடும் இல்லங்க. மத்தவங்க வேகமா போனாங்க. இவன் பயந்து மெதுவா போயிட்டான். அதான் சுட்டுடுச்சு. அவ்வளவுதான் விசயம்."

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பு பண்ணவனா இருந்தாகூட திருத்திப்புடலாங்க. லாரிக்காரனுங்க வந்து மல்லுக்கு நிக்கிற கடை என்னுது. பயந்தாங்கொள்ளிய மருமவனா வச்சிக்கினு நான் இன்னா செய்யறது?"

மைத்துனர் சிரித்தார். "அண்ணங்காரரே கடியாரம் வச்சி அளந்துட்டாரு மாமா. இனிமே அப்பீலே கெடயாது."

மூன்றாம் நாள் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. அன்று குணாவின் அறைக்குப் போனேன்.

"நீ ஏண்டா மெதுவா போன?"

"வலிச்சுதுண்ணே."

"நெருப்புன்னா வலிக்கத்தான் செய்யும்."

"எறங்கறதுக்கு முன்னாடியே வலிச்சுது."

"முன்னாடியே வலிச்சுதுன்னா அது மனசுல இருந்த பயம்டா. வேற ஒண்ணும் இல்ல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். என் விளக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை என்பதற்கு அதையும் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் பீங்கான் கம்பெனியில் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு, ஜங்ஷன் அருகே ரேடியோ ரிப்பேர் கடை வைத்தான். உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதிக்கும் ராசா என்று உறவினர் கூட்டங்களில் நான் அவனைக் கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவைப் போலவே அவனும் சிரிப்பான். சில வருடங்கள் கழித்து மங்கலம்பேட்டைப் பெண் ஒருத்தி அவனைக் கட்டிக்கொண்டாள். காலைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். அந்தப் புண்ணியவதி போன பிறகு மகள்தான் அவனைப் பார்த்துக்கொண்டாள்.

புதுச்சேரி

மலர்விழி பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவள். அவளுக்கும் பாதத்தில் கொப்புளம் வரும். உள்ளூரில் ஒருவர் படை என்று களிம்பு கொடுத்தார், இன்னொருவர் செருப்பு ஒவ்வாமை என்றார், மூன்றாமவர் நாட்டு மருந்துக்காரர், அவர் சொன்னதை எழுதத் தேவையில்லை, வெந்தயம். கடைசியாகப் புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவர் துணுக்குத் தோலும் ரத்தமும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று, தன் அப்பாவுக்கு அலைச்சல் ஆகாது என்று, மலர்விழி என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். இது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மருத்துவர் வயதில் என் மாணவியாக இருந்திருக்கக்கூடியவர். பொறுமையாகச் சொன்னார்.

"இது தொத்து வியாதி இல்லிங்க சார். பரம்பரையா வர்றது. மேல்தோலோட அடி அடுக்குல இருக்கற செல்லுக்குள்ள நார் மாதிரி ஒரு புரதம் இருக்கும். செல்லு ஒடயாம தாங்கிப் பிடிக்கறது அதுதான். இவங்களுக்கு அது பலவீனமா அமைஞ்சிருக்கு. அழுத்தித் தேஞ்சா செல்லு ஒடயும், அந்த எடத்துல தண்ணி கோத்துக்கும். வெயில்லயும் வேர்வையிலயும் ரொம்ப சாஸ்தியாவும்."

அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. அப்பாவிடமிருந்து குணாவுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. என் நற்சான்றிதழ் அந்த அறையில் காலாவதியானது.

முழுமையான குணம் இப்போதைக்கு இல்லை. மென்மையான ஷூ, பருத்திக் காலுறை, நடையைக் குறைப்பது, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது. கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்க வேண்டும், மேல்தோலை உரிக்கக் கூடாது. ஷூவும் ஊசியும். தொரை என்று சிரிக்கப்பட்டவர் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது அதையேதான்.

மெருகு சரியாக ஒட்டாத பீங்கானைப் போல என்று இந்த இடத்தில் எழுத என் தொழில் என்னைத் தூண்டுகிறது. எழுதமாட்டேன். என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. எந்த மண் என்று தெரியாமல் சூளையில் எதையும் வைக்காதே என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்வேன். முப்பது வருடத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அன்று குண்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாப் பாதங்களையும் ஒரே மண்ணாக எண்ணி அளந்தவனும் நான்தான்.

தீமிதிக் கதையை மலர்விழிதான் மருத்துவரிடம் சொன்னாள். அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"கையிலயும் வந்திருந்துச்சா சார்?"

"வந்திருந்துச்சு."

"எறங்கறதுக்கு முன்னாடி எத்தனை நாளு செருப்பில்லாம நடந்தாரு?"

நெருப்பு உள்ளங்கையைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க முதுகலைப் பட்டம் தேவையில்லை. பிரம்பைப் பிடித்த கை அது. பத்து நாள் வெறுங்காலோடு நடந்த பாதம் அது. தணலும் கொஞ்சம் சுட்டிருக்கலாம், ஆனால் அவர் புண்ணான காலோடுதான் குண்டத்துக்கே வந்திருப்பார் என்றார் மருத்துவர். கல்தளத்து ஈரம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவன் திருட்டுத்தனமாகச் செருப்புப் போட்டிருந்தால் பாதம் நன்றாக இருந்திருக்கும். விரதத்தை மீறாததால்தான் கொப்புளம் வந்தது. ஊர் அதைக் குற்றத்தின் அடையாளம் என்றது. நான் கோழைத்தனத்தின் அடையாளம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மலர்விழி சொன்னாள்: "நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்க பெரியப்பா. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

சொல்கிறேன் என்றேன்.

கடையின் முக்காலி

அடுத்த நாள் சாயங்காலம் அவன் கடைக்குப் போனேன். எனக்கென்று ஒரு முக்காலி எடுத்துப் போட்டான். அலமாரி மேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். மின்விசிறிகளைப் பற்றிப் பேசினோம். அதற்கடுத்த நாளும் போனேன். பழமலைநாதர் கோயில் தேரைப் பற்றிப் பேசினோம். முன்பெல்லாம் மாதம் ஒரு முறை எட்டிப் பார்ப்பவன், தினமும் போகத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் முதல் வாக்கியத்தை வழியிலேயே தயாரித்துக்கொண்டு போவேன். இலக்கணச் சுத்தமான, நிதானமான வாக்கியங்கள். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. பிறகு அவன் ஆட்டோ கிடைக்காமல் நடந்தான்.

பதினாறாம் நாள்

கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிங்காரம் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, ஒரு வழி இருக்குது. வர்ற திருவிழாவுல நம்ம மலரு காப்பு கட்டி ஒரு தரம் எறங்கிடட்டும். குணாண்ணன் பேர்ல இருக்கிற தோசம் கழிஞ்சிடும். கமிட்டியில நான் பேசிக்கிறேன்."

மலர்விழி காலுறை போட்ட பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவ எறங்க மாட்டா," என்றேன். "எறங்கவும் கூடாது. இது அப்பாவுக்கு இருந்த தோல் நோய். குணாவுக்கு இருந்துது, இவளுக்கும் இருக்குது. வெறுங்காலோட நடந்தாலே கொப்புளம் வரும். அவன் வெரதத்த மீறல. பத்து நாளும் ஒழுங்கா இருந்தான். அதனாலதான் காலு அப்படி ஆச்சு."

சிங்காரம் வெற்றிலையை மடித்தான்.

"அப்ப அன்னிக்கி பயந்துட்டான்னு கடியாரத்த காட்டினது யாருங்கண்ணே? நாங்களா?"

"நான்தான்."

"நாங்க சாமி குத்தம்னோம். பரிகாரம் பண்ணா போயிடும். நீங்க சொன்னதுக்குப் பரிகாரமே இல்லிங்களே."

அவனை எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். அவன் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த வாக்கியம் அது ஒன்றுதான். ஆமாம் என்றேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு மலர்விழி ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். என் எதிரே உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். புதுச்சேரியிலேந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். மனசு கேக்கல."

"என்ன சொன்னான்?"

"'எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாத, அவரே வந்து சொல்லட்டும்'னாரு. நீங்க தெனமும் கடைக்கு வர ஆரம்பிச்சதும், 'இன்னிக்கும் வந்தாருடி, நாளைக்கி சொல்லிடுவாரு'ன்னு வந்து சொல்லுவாரு."

மோரைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

முதல் நாள் அவன் ரேடியோவை அணைத்தான் என்று எழுதினேன் அல்லவா; தினமும் என் தலையைக் கண்டதும் அணைப்பான். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கடையில் அந்த அமைதி கொஞ்ச நேரம் நீடிக்கும். அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான். நான்தான் ஒவ்வொரு நாளும் சொன்னேன்: "ஏண்டா அணைச்ச, பாட்டு போடு."

அவன் எழுந்து போய்ப் போடுவான்.